அளவுப் புத்தகத்தில் இருப்பதும் ஊரணியில் இருப்பதும்

சமூகத் தணிக்கையில் ஊர் ஊராகப் பணியாற்றியவர்

நூறு நாள் வேலைத் திட்டத்தின் கணக்கைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொன்னது. அதை எப்படிச் செய்வது என்பதை 2011-ஆம் ஆண்டின் தணிக்கை விதிகள் வகுத்தன. 6 மாதத்துக்கு ஒரு தணிக்கை, 15 நாள்களுக்கு முன்பே தணிக்கைக் குழுவின் கையில் ஆவணங்கள், குழுவில் அதே ஊராட்சியைச் சேர்ந்தவர் இருக்கக் கூடாது, முடிவுகளை வாசிக்கும் கிராம சபைக்கு ஊராட்சிப் பொறுப்பில் உள்ளவர் தலைமை வகிக்கக் கூடாது என்று விதிகள் தெளிவாகவே இருந்தன. நான் சென்ற ஊர்களில் பெரும்பாலும் வருகைப் பதிவேடு உரிய காலத்தில் கிடைத்துவிடும். செய்த வேலையின் நீளம், அகலம், ஆழத்தைப் பதியும் அளவுப் புத்தகம் மட்டும் 'ஓவர்சியரிடம் (பணி மேற்பார்வையாளரிடம்) இருக்கிறது' என்ற பதிலோடு கடைசி நாள் வரை வராது. அது ஏன் வராது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

வேலைக்கே வராத ஒருவரின் பெயரில் கூலி எழுத வேண்டுமென்றால், வெட்டாத மண்ணையும் வெட்டியதாக எழுதியாக வேண்டும். ஏனெனில், இத்தனை பேர் இத்தனை நாள் வேலை செய்தால் இத்தனை கன மீட்டர் மண் வெளியேறியிருக்க வேண்டும் என்ற விகிதம் இருக்கிறது. எனவே வருகைப் பதிவேட்டில் நுழையும் பொய் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அது அளவுப் புத்தகத்துக்குள்ளும் வந்தே தீரும். பெயரை மறைப்பது எளிது, பள்ளத்தை மறைப்பது எளிதன்று.

ஓர் ஊராட்சியில் ஊரணியை ஆழப்படுத்திய பணியைப் பார்க்கச் சென்றோம். மண் வெட்டும்போது, எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதற்குச் சாட்சியாக ஆங்காங்கே மண்திட்டுகளை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். திட்டின் உச்சிதான் பழைய தரைமட்டம். அளவெடுத்து முடித்ததும் அவற்றையும் வெட்டி அகற்றிவிடுவது வழக்கம். அந்த ஊரணியில் கரையோரமாக இரண்டு திட்டுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. உச்சியிலிருந்து தரை வரை டேப் பிடித்தபோது, புத்தகத்தில் எழுதியிருந்த ஆழம் ஏறத்தாழச் சரியாகவே வந்தது. ஆனால் எங்களோடு வந்திருந்த, அந்த வேலையில் மண் சுமந்த அம்மா ஒருவர், 'திட்டு மேல புல்லு எங்க நிக்குதுன்னு பாருங்க' என்றார். குனிந்து பார்த்தோம். காய்ந்த கோரைப்புல்லின் வேர்க்கற்றை, உச்சிக்கு ஏறத்தாழ ஒரு சாண் கீழே, பக்கவாட்டில் வரிசையாகத் தெரிந்தது. அதற்கு மேலிருந்த மண் வேறு நிறத்தில், விரலால் நெருடினால் உதிர்ந்தது. புல் முளைத்திருந்த மட்டம்தான் உண்மையான தரைமட்டம். அதற்கு மேல் கொட்டி உயர்த்தப்பட்ட மண் முழுவதும் வெட்டாத ஆழத்துக்கான கணக்கு.

உடனிருந்த அலுவலர், மழையில் வண்டல் படிந்து பள்ளம் தூர்ந்திருக்கலாம் என்றார். அது நியாயமான கேள்வி. பல ஊர்களில் உண்மையும் அதுவே. ஆகவே திட்டின் அடியில் கடப்பாரையால் குத்திப் பார்த்தோம். படிந்த வண்டலாக இருந்தால் ஏடு ஏடாகப் பிளந்துகொண்டு வரும், நிறம் மாறும் இடமும் தெளிவாகத் தெரியும். அங்கே மேலிருந்தே கெட்டியான பழைய மண்தான் இருந்தது. அத்தனையையும் தேதியிட்டுப் படமெடுத்து, அலுவலரின் விளக்கத்தையும் அப்படியே அறிக்கையில் சேர்த்தோம்.

கிராம சபையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வீடு வீடாகச் சென்று வேலை அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்பிட்டபோது மனம்விட்டுப் பேசியவர்களில் பலர், சபையில் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் பெயர் கூப்பிடப் போவது அதே பணித்தளப் பொறுப்பாளர்தான் என்னும்போது அவர்களைக் குறை சொல்ல இயலாது. ஆகையால் யார் சொன்னது என்பதை விட்டுவிட்டு, எழுதிய ஆழம் இது, நாங்கள் கண்ட ஆழம் இது என்று இடம்வாரியாக வாசித்தோம். அளவுக்கு எதிராகப் பேச எவரிடமும் எதுவும் இல்லை.

ஆனால் முடிவு என்னை இன்றும் வருத்துகிறது. மீட்க வேண்டிய தொகை முழுவதையும் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது பணித்தளப் பொறுப்பாளராக இருந்த பெண் ஒருவருக்கே. அவரும் மற்றவர்களைப் போல நாள் கூலி பெறுபவர். அளவைப் பதிந்து கையெழுத்திட்டவரையும், அதைச் சரிபார்த்ததாக மேல் கையெழுத்திட்டவரையும் அந்த உத்தரவு தொடவே இல்லை. நாடு முழுவதும் 2017-18 முதல் 2020-21 வரையிலான நான்கு ஆண்டுகளில் சமூகத் தணிக்கை கண்டறிந்த முறைகேடு சுமார் 935 கோடி ரூபாய். மீட்கப்பட்டது சுமார் 12.5 கோடி. நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்கூடத் திரும்பவில்லை என்னும்போது, அந்த ஒன்றரை ரூபாயும் யாரிடமிருந்து வந்தது என்று கேட்பது அவசியம் என்றே கருதுகிறேன். உறுப்பினர்கள் தங்கள் அனுபவங்களையும் எழுத வேண்டுகிறேன்.

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

ஐயா, தாங்கள் குறிப்பிட்ட 935 கோடியில் தமிழ்நாட்டின் பங்கே மிக அதிகம், சுமார் 245 கோடி. இதை வைத்து நம் மாநிலத்தில்தான் ஊழல் மிகுதி என்று பலர் எழுதினார்கள். அந்த முடிவு சரியன்று. இங்கே 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் அனைத்திலும் ஒருமுறையேனும் தணிக்கை நடந்திருந்தது. தணிக்கையே நடக்காத இடத்தில் முறைகேட்டுத் தொகை சுழியமாகத்தான் இருக்கும். தேடியவர் கண்டதைக் குற்றமாகவும் தேடாதவரின் வெற்றுத்தாளை நேர்மையாகவும் எண்ணினால், அடுத்த ஆண்டு தேடுவதற்கு எவரும் முன்வர மாட்டார்கள்.

எங்கள் துறையின் தணிக்கை வேறு வகை. செலவுச் சீட்டு உள்ளதா, நிர்வாக அனுமதி உள்ளதா, விலைப்புள்ளிகள் பெறப்பட்டனவா, காசோலையும் ரொக்கப் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்போம். வாங்கியதாகக் காட்டப்பட்ட பொருள் இருக்கிறதா என்பதைச் செலவுச் சீட்டு சொல்லாது. ஓர் அலுவலகத்தில் தெருவிளக்குச் சாதனங்கள் வாங்கியதற்கான மூன்று விலைப்புள்ளிகளும் மூன்று கடைகளின் தலைப்புத் தாளில் இருந்தன. ஆனால் மூன்றிலும் கையெழுத்து ஒன்று, ஒரே சொல்லில் ஒரே எழுத்துப்பிழை. தணிக்கைத் தடை, அதாவது ஆட்சேபணை, எழுதினேன். அடுத்த ஆண்டும் அதே தடை நிலுவையில் இருந்தது. அதற்கடுத்த ஆண்டு, தடைகளைத் தீர்க்க அலுவலர்களும் தணிக்கையாளர்களும் கூடும் கூட்டமர்வில் வைத்தபோது, அப்போதிருந்த அலுவலர்கள் எல்லோரும் மாறுதலாகிச் சென்றிருந்தார்கள். பதில் சொல்ல மிஞ்சியவர் ஊராட்சிச் செயலர் ஒருவரே. இழப்பைப் பொறுப்பானவரிடமே வசூலிக்கும் தண்டத்தீர்வைக்கான பரிந்துரையும் இறுதியில் அவர் தலையில்தான் விழுந்தது. தொகையை நிர்ணயிக்க விதி இருக்கிறது. மேலொப்பமிட்டவர் மாறுதலில் சென்றாலும் அவரைத் தொடர்ந்து சென்று பதில் பெறும் பழக்கம்தான் நம் நிர்வாகத்தில் வேரூன்றவில்லை.

கைப்பேசிச் செயலி வந்துவிட்டதால் இனிச் சிக்கல் இராது என்று நம்பியவர்கள் உண்டு. 2023 ஜனவரி முதல் வேலைத்தளத்தில் நாளொன்றுக்கு இரண்டு முறை படமெடுத்து வருகையைப் பதிவேற்றுவது கட்டாயமாயிற்று. 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே, படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றுவது, வேலைக்குத் தொடர்பில்லாத படங்களை ஏற்றுவது எனப் பலவகைத் தவறுகளைப் பட்டியலிட்டுச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. பார்க்கப் பொறுப்பானவர் பார்க்கவில்லையென்றால் படமும் செலவுச் சீட்டைப் போன்றதே.

மரக்கன்றுக் கணக்கைப் பின்தொடர்ந்த விவசாயி

என் அனுபவம் காடு வளர்ப்புப் பணத்தைப் பற்றியது. வன நிலத்தை வேறு பணிக்கு எடுத்தால் அதற்கு ஈடாகக் காடு வளர்க்கப் பணம் கட்ட வேண்டும். அந்த நிதிக்கென 2016-இல் தனிச் சட்டம் வந்தது, 2019 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு 47,436 கோடி ரூபாய் பிரித்தளிக்கப்பட்டது. இதற்கு முன்பே, 2013-இல் வெளிவந்த சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை ஒரு செய்தியைப் பதிவு செய்திருந்தது: 2006 முதல் 2012 வரை ஈடாகப் பெறப்பட்டிருக்க வேண்டிய நிலம் ஒரு லட்சத்து மூவாயிரம் ஹெக்டேருக்கு மேல், உண்மையில் பெறப்பட்டதோ 28,086 ஹெக்டேர். இதைப் படித்த பிறகுதான், எங்கள் பகுதியில் சாலைக்காக வெட்டிய மரங்களுக்கு ஈடாக நட்டதாகச் சொல்லப்பட்ட கன்றுகள் எங்கே என்று கேட்கத் துணிந்தேன்.

10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு செய்தேன். எத்தனை கன்றுகள், எவ்வளவு செலவு என்பதற்குப் பதில் வந்தது. எந்த இடத்தில் என்பதற்கு வரவில்லை. முதல் மேல்முறையீட்டில், அச்சட்டத்தின் 2(ஜே) உட்பிரிவை, அதாவது தகவல் உரிமை என்பதில் பணிகளை நேரில் ஆய்வு செய்வதும் அடங்கும் என்று சொல்லும் விளக்கத்தை, எடுத்துக்காட்டி நேராய்வு கேட்டேன். அனுமதி கிடைத்தது. காட்டிய இடத்தில் கன்றுகள் நன்றாகவே வளர்ந்திருந்தன. ஆனால் தண்டுகள் கையளவு பருமனில் இருந்தன. முந்தைய பருவத்தில் நட்டதாகச் சொல்லப்பட்ட கன்று அதற்குள் அவ்வளவு பருக்காது. நடவுப் பதிவேட்டைப் புரட்டியபோது, அதே நில அளவை எண் அதற்கு முந்தைய வேறொரு திட்டத்தின் பெயரிலும் இருந்தது. ஒரே தோப்பை இரண்டு செலவுகளுக்கும் காட்டியிருந்தார்கள்.

புகார் அளித்தேன். அடுத்து நடந்தது, எனக்கு உண்மையாகப் பதிவேட்டைக் காட்டிய கீழ்நிலைப் பணியாளர் வேறு சரகத்துக்கு மாற்றப்பட்டதுதான். அவர் மட்டுமே என்னிடம் நேர்மையாக நடந்துகொண்டவர். தோப்பின் பதிவேட்டில் 'ஆய்வு செய்யப்பட்டது' என்று ஒப்பமிட்ட உயர் அலுவலரிடம் விளக்கம் கேட்கப்பட்டதா என்று மறுபடியும் மனு செய்துள்ளேன்.

ஊராட்சித் தலைவராக இருந்தவர்

மற்றொரு பக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்றே எழுதுகிறேன். தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்திட்டால்தான் ஊராட்சியின் காசோலை செல்லும் என்பதால், எந்தப் பணியில் குறை என்றாலும் முதல் கேள்வி எங்களை நோக்கியே வரும். ஆனால் மதிப்பீடு தயாரிப்பதும் அளவெடுப்பதும் ஊராட்சி ஒன்றியப் பொறியாளர்கள் கையில் இருந்தன. 15-ஆவது நிதிக்குழு மானியத்திலோ 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று முன்பே ஒதுக்கப்பட்டிருந்தது. மீதியில்தான் எங்கள் ஊர் கேட்கும் வேலைக்கு இடம்.

கிராம சபையில் வரவு செலவை வாசிக்கும் முறையை நான் மாற்றினேன். ஊராட்சியின் வரவு செலவுப் பட்டியலான படிவம் 30-இன் மொத்தத் தொகையை ஒரே மூச்சில் வாசித்தால் எவருக்கும் எதுவும் புரியாது. எந்தத் தெருவில், எந்த மோட்டாருக்கு, எவ்வளவு, யார் அளவெடுத்தது, யார் சரிபார்த்தது என்று ஒவ்வொன்றாக வாசித்து, ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதி வைத்தோம். முதலில் என்னைத் தடுத்தவர்கள் பொதுமக்கள் அல்லர். சரிபார்த்தவரின் பதவிப் பெயரைச் சுவரில் எழுதியது மரபுக்கு மாறானது என்று ஒன்றிய அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். எழுத்தில் உத்தரவு தருமாறு கேட்டேன். உத்தரவு வரவில்லை, எழுத்தும் அழிக்கப்படவில்லை. அதன்பிறகு எங்கள் ஊரில் சரிபார்ப்பு அளவீட்டுக்கு அலுவலர்கள் உண்மையாகவே டேப்போடு வந்து நின்றார்கள். ஒரு சிமென்ட் சாலையின் கனம் குறைவு என்று அவர்களே ஒப்பந்ததாரரின் பட்டியலில் பிடித்தம் செய்தார்கள்.

முதலில் எழுதியவர்

அம்மா, தாங்கள் சுவரில் எழுதியதைத்தான் நாங்கள் பிற்பாடு அறிக்கையில் செய்தோம். ஊரணியை அடுத்து வந்த தணிக்கையில், ஒவ்வொரு பணிக்கும் அளவைப் பதிந்தவர், சரிபார்த்தவர் ஆகியோரின் பதவிப் பெயரையும் கையெழுத்திட்ட தேதியையும் சேர்த்தே சபையில் வாசித்தோம். ஒரு பணியில், சரிபார்த்த தேதி வேலை முடிவதற்கு முந்தைய தேதியாக இருந்ததை வாசிக்கும்போதே மக்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பணிக்கான மீட்புத் தொகையை மூன்று பொறுப்புகளுக்கும் பகிர்ந்து விதிக்க வேண்டும் என்று கிராம சபை தீர்மானம் எழுதியது. பணித்தளப் பொறுப்பாளர் தம் பங்கைக் கட்டிவிட்டார். மற்ற இருவரின் பங்கு குறித்த கோப்பு மாவட்ட அலுவலகத்தில் உள்ளது. அதன் குறிப்புப் பக்கங்களின் நகலைக் கேட்டு மனு செய்துள்ளோம், பதில் வந்ததும் இங்கே பகிர்வேன்.