மூன்று பம்பும் ஒரே நேரத்தில் நின்றுபோக வாய்ப்பு எவ்வளவு? ஃபால்ட் ட்ரீயில் எங்கே தப்பு செய்கிறேன்?

காட்பாடி_கடைசிபெஞ்ச் எழுதியது:

வணக்கம். இறுதியாண்டு மெக்கானிக்கல், காட்பாடி பக்கம் கல்லூரி. அணு உலையின் அவசரக் குளிர்விப்பு அமைப்பை ப்ராஜெக்ட்டாக எடுத்து ஃபால்ட் ட்ரீ (எது எது கெட்டால் முழு அமைப்பும் கெடும் என்று கிளை கிளையாக வரையும் படம்) போட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பம்புகள், ஒன்று ஓடினாலே போதும் என்று வைத்தேன். ஒவ்வொன்றும் கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்பாமல் போக நூற்றில் ஒரு வாய்ப்பு. மூன்றையும் பெருக்கினால் பத்து லட்சத்தில் ஒன்று. இதை இரண்டாவது ரிவ்யூவில் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டினேன். எக்ஸ்டர்னலாக (வெளித் தேர்வாளராக) வந்தவர் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "இந்த மூணுக்கும் கரண்ட் எங்கேயிருந்து வருது?" என்றார். டீசல் ஜெனரேட்டர் சார், அதுவும் மூணு சார் என்றேன். "அது எந்த ரூம்ல இருக்கு?" என்றார். முழித்தேன். "அது தெரிஞ்சதும் இந்த ஸ்லைடை மாத்திட்டு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த டீமுக்குப் போய்விட்டார்.

ரூமுக்கும் ப்ராபபிலிட்டிக்கும் என்ன சம்பந்தம்? கைடைக் கேட்டால் "பீட்டா ஃபாக்டர் சேர்த்துடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எதைச் சேர்ப்பது, எங்கே சேர்ப்பது, ஒன்றும் பிடிபடவில்லை.

இன்னொரு சந்தேகம், சிரிக்காதீர்கள். உலையைத்தான் நிறுத்தியாகிவிட்டதே, அதற்குப் பிறகும் ஏன் இத்தனை பம்பு? அடுப்பை அணைத்தால் பாத்திரம் தானாக ஆறுகிறதே.

ஆற்காடு_மக்கன்பேடா எழுதியது:

உனக்கு நல்ல எக்ஸ்டர்னல் வாய்த்திருக்கிறார், கோவிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடை. எனக்கு வந்தவர் ஸ்பைரல் பைண்டிங் சரியில்லை என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள், நானும் இங்கேயே உட்கார்ந்து படிக்கிறேன்.

பழைய_பாய்லர்காரன் எழுதியது:

தம்பி, நான் அணு உலை ஆள் இல்லை. ராணிப்பேட்டையில் பாய்லர் சாமான்களோடு முப்பது வருஷம் ஓட்டிவிட்டு இப்போது வேலூரில் ஒரு அடுக்குமாடியில் அசோசியேஷன் வேலை பார்க்கிறேன், அதாவது தண்ணீர் வரவில்லை என்றால் எல்லாரும் எனக்குத்தான் போன் போடுவார்கள். உன் முதல் கேள்விக்கு எங்கள் பில்டிங்கே பதில்.

எங்களுக்கு இரண்டு போர்வெல், இரண்டு மோட்டார், கரண்ட் போனால் ஒரு ஜென்செட். கட்டும்போது பில்டர் "தண்ணீர் கஷ்டமே வராது சார்" என்று அடித்துச் சொன்னார். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த அந்த மழையில் பேஸ்மென்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மோட்டார் இரண்டும் போருக்குள்ளே ஜம்மென்று இருந்தன, அது தண்ணீருக்குள்ளேயே இருக்கிற ஜாதிதானே. ஜென்செட் வெளியே மேடை மேல் இருந்தது, அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் பேனல், ஜென்செட்டுக்கு மாற்றிவிடுகிற சேஞ்ச் ஓவர் எல்லாம் பேஸ்மென்ட் சுவரில் ஒரே இரும்புப் பெட்டியில். மூன்று மெஷினும் நல்லா இருக்கிறது, மூன்று நாள் குடிக்கத் தண்ணீர் இல்லை, வெளியே ஊரெல்லாம் வெள்ளம். என் சம்சாரம் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

அதுக்கு முன்னால் ஒரு கோடையில் வேறு மாதிரி மாட்டினோம். அப்போது பேனல், கரண்ட் எல்லாம் சரி, இரண்டு போரிலும் வெறும் காற்று. பத்தடி இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டு அதை இரண்டு ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டோம், கீழே இருப்பது ஒரே நீர்மட்டம்.

உன் எக்ஸ்டர்னல் ரூம் எது என்று கேட்டது இதற்குத்தான்.

வாலாஜா_அக்கா எழுதியது:

சொந்த ஊர் வாலாஜா, வேலை பாதுகாப்புப் பகுப்பாய்வுதான், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் இரண்டாவது சந்தேகம், அது புரியாமல் மற்றது நிற்காது. நிறுத்திய அணு உலை அணைந்த அடுப்பு இல்லை, நீறு பூத்த கங்கு மாதிரி. அணுக்கள் பிளப்பது நின்ற பிறகும், ஏற்கெனவே பிளந்து கிடக்கிற துண்டுகள் சிதைந்துகொண்டே வெப்பம் விடும். சிதைவு வெப்பம் என்பது இதைத்தான். நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் 6 முதல் 7 சதவீதம், ஒரு மணி நேரம் கழித்து சுமார் ஒன்றரை, ஒரு நாள் கழித்து அரை சதவீதம் சுமார். சதவீதமாகச் சொன்னால் சின்னதாகத் தெரியும், அதனால் தண்ணீர் லாரி கணக்குக்கு வாருங்கள். 220 மெகாவாட் மின்சாரம் தரும் நம்மூர் கனநீர் உலையின் வெப்பத் திறன் 750 மெகாவாட் அளவு. ஒரு மணி நேரம் கழித்தும் 11 மெகாவாட் வெப்பம் வந்துகொண்டிருக்கும். 30 டிகிரி தண்ணீரை ஊற்றி ஆவியாக விட்டே அதை எடுப்பதென்றால் மணிக்கு 15,000 லிட்டருக்கு மேல் வேண்டும். தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் லாரி முக்கால் மணி நேரத்துக்குக்கூட இழுத்துப் பிடித்துத்தான் வரும். மறுநாள் அதே லாரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். குறையும், ஆனால் நாள்கணக்கில் யாராவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் உங்கள் பெருக்கல். பெருக்கலில் தப்பில்லை, மூன்றும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாதவை என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டீர்கள், அதுதான் தப்பு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே மெக்கானிக், ஒரே கிரீஸ், ஒரே நாளில் செய்த பராமரிப்பு என்றால் ஒன்று கெடுகிற காரணம் மற்றதையும் கெடுக்கும். பீட்டா என்பது பழுதுகளில் இப்படிச் சேர்ந்தே வருகிற பங்கு. பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள்: நூற்றில் ஒன்றில் பத்தில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒன்று. பத்து லட்சத்தில் ஒன்று என்று ஸ்லைடில் போட்டது ஒரே வரியில் ஆயிரம் மடங்கு மோசமாகிவிட்டது பாருங்கள். நான்காவது பம்பு வாங்கிப் போட்டாலும் இந்த எண் கிட்டத்தட்ட அசையாது.

ஆனால் ரூம், கேபிள், ஸ்விட்ச் போர்டு, வெள்ளம், தீ இதையெல்லாம் பீட்டாவுக்குள் போட்டு மூடாதீர்கள். பெயர் தெரிந்த காரணத்தை ட்ரீயில் தனிக் கட்டமாக வரைய வேண்டும். பெயர் வைக்கத் தெரியாத மிச்சத்துக்குத்தான் பீட்டா.

பாய்லர்காரர் ஐயா சொன்ன பேஸ்மென்ட் கதையை நான் படித்துக்கொண்டே சிரித்தேன், ஏனென்றால் அதே கதைதான் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம். 11.3.2011 அன்று சுனாமி வந்தபோது அங்கே ஆறு உலைகளுக்குமாக 13 அவசர டீசல் ஜெனரேட்டர்கள். பெரும்பாலானவை அடித்தளத்தில், கடல் தண்ணீர் புகுந்து போயின. ஆனால் 2, 4 ஆம் அலகுகளுக்கு வேறொரு கட்டடத்தின் தரைத்தளத்தில் வைத்திருந்த காற்றில் குளிரும் ஜெனரேட்டர்கள் நனையவே இல்லை. அவற்றின் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச் போர்டுகள் நனைந்தன. இயந்திரம் நலம், பலன் பூஜ்யம். 6 ஆம் அலகில் ஒன்றே ஒன்று மட்டும் போர்டோடு சேர்த்துத் தப்பியது, அதைப் பகிர்ந்துகொண்டுதான் 5, 6 இரண்டும் பிழைத்தன.

நம் நாட்டிலேயே உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையம் இருக்கிறது. 31.3.1993 அன்று டர்பைன் பிளேடு முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. மாற்று மின்சாரத்துக்கான கேபிள்கள் தனித்தனியாகப் பிரிக்கப்படாமல் ஒரே வழியில் போனதால் எல்லாம் சேர்ந்து கருகின, நிலையத்தில் 17 மணி நேரம் மின்சாரம் இல்லை. டீசலில் ஓடும் தீயணைப்பு பம்புகளை ஓட்டி ஸ்டீம் ஜெனரேட்டர்களுக்கு (உலை வெப்பத்தில் நீராவி உண்டாக்கும் கலன்களுக்கு) தண்ணீர் ஏற்றினார்கள், உலைக்குள் இருந்த கனநீர் சூட்டிலேயே தானாகச் சுற்றி வெப்பத்தை அங்கே கொண்டுவந்து கொடுத்தது. மேலே சொன்ன லாரி கணக்கு அந்த ராத்திரியில் நிஜமாக நடந்த கணக்கு. தீயணைப்பு பம்பு தப்பியதற்குக் காரணம் அது மற்ற பம்புகளின் கேபிளை நம்பி இல்லை என்பதுதான்.

உங்கள் மூன்று பம்புக்கு நேர் உதாரணம் வேண்டுமா? அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், 28.3.1979. அங்கேயும் அவசர நீரூட்டு பம்புகள் மூன்றுதான். இரண்டு மின்சாரத்தில், ஒன்று நீராவியில் ஓடுவது, எனவே வகையிலும் வேறுபாடு உண்டு. கூப்பிட்டதும் மூன்றும் கிளம்பின! தண்ணீர் மட்டும் போகவில்லை. பராமரிப்புக்குப் பிறகு வால்வுகள் மூடியே கிடந்தன, கண்டுபிடிக்க 8 நிமிடம் ஆனது. விபத்து பெரிதானதற்கு வேறொரு வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டதுதான் முக்கியக் காரணம், ஆனால் உங்கள் ட்ரீயில் "பம்பு கிளம்பியது" என்பதோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கு அது வெற்றி என்று கணக்குச் சொல்லியிருக்கும்.

கடைசியாக, ஒன்று போதும் என்று யார் சொன்னது? அதை நீங்கள் வைக்கக் கூடாது, வெப்பக் கணக்கு சொல்ல வேண்டும். எரிபொருள் உறை (எரிபொருளை மூடியிருக்கும் உலோகக் குழாய்) 1204 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதியில் வந்து பலரும் பின்பற்றும் எல்லை. அந்த எல்லைக்குள் நிற்க எத்தனை பம்பு வேண்டும் என்று பார்த்து வாருங்கள். இரண்டு வேண்டும் என்று வந்தால் பொதுக்காரணம் எதுவும் சேர்க்காமலேயே பத்தாயிரத்தில் மூன்று ஆகிவிடும்.

பாலாறு_பக்கம் எழுதியது:

அக்கா, பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு கடுப்பான கேள்வி. பீட்டாவை பத்தில் ஒன்று என்று "வையுங்கள்" என்கிறீர்கள். தம்பி நூற்றில் ஒன்று என்று "வைத்தான்". இரண்டு பேரும் வைத்துக்கொண்டே போனால் கடைசியில் வருவது ஜோசியம்தானே? இதற்குப் பேசாமல் கரண்டே வேண்டாத அமைப்பைப் போட்டுவிடலாமே.

வாலாஜா_அக்கா எழுதியது:

கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர்வலம் போனால் ஜோசியம்தான், ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் பார்ப்பது எந்தக் கட்டத்தை எடுத்தால் எண் எவ்வளவு இறங்குகிறது என்பதை. பீட்டாவை பாதியாக வைத்தாலும் இரண்டு மடங்காக வைத்தாலும், அந்த ஒற்றை ஸ்விட்ச் போர்டு முதலிடத்தில் நின்றால் பணத்தை அதில் போடு என்று அர்த்தம்.

கரண்ட் வேண்டாத அமைப்பும் உண்டு. கூடங்குளத்தில் நான்கு தடங்கள்: ஸ்டீம் ஜெனரேட்டரின் நீராவி தானாக மேலே ஏறி, காற்றில் குளிர்ந்து, தண்ணீராகித் தன் எடையிலேயே இறங்கி வரும். பம்பு கிடையாது. கல்பாக்கம் வேக ஈனுலையில் தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியம்தான் குளிர்விக்கிறது, அது அதே மாதிரி தானாகச் சுற்றிக் காற்றுக்கு வெப்பம் கொடுக்கும், நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றும் 8 மெகாவாட். ஆனால் அதற்கும் ட்ரீ வரைய வேண்டும். காற்றுவழித் தட்டுகள் திறக்க வேண்டும், வெளிக்காற்று கணக்கில் வைத்ததைவிடச் சூடாக இருந்தால் எடுக்கும் வெப்பம் குறையும். வேலூரில் மே மாதம் மொட்டை மாடியில் நின்றவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடலோரத்தில் இருந்தால் கடலையும் ட்ரீயில் வரையுங்கள். 26.12.2004 சுனாமியில் கல்பாக்கம் பம்பு ஹவுஸுக்குள் கடல்நீர் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த 2 ஆம் அலகைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். 2013 இல் ஸ்வீடனில் ஆஸ்கர்ஷாம் உலையை நிறுத்தவைத்தது நீர் உறிஞ்சும் வழியை அடைத்த ஜெல்லிமீன் கூட்டம்.

காட்பாடி_கடைசிபெஞ்ச் எழுதியது:

அக்கா, ஐயா, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி மறுபடி வரைந்தேன். நான் மாதிரியாக எடுத்த வரைபடத்தில் பம்பு மூன்று, ஜெனரேட்டர் மூன்று, ஆனால் ஜெனரேட்டரைத் தொடங்கும் பேட்டரி ரூம் ஒன்றுதான் போட்டிருக்கிறது. தண்ணீர் எடுக்கும் தொட்டியும் ஒன்று. இரண்டையும் தனிக் கட்டமாகப் போட்டதும் பம்பு மூன்றும் மூலையில் போய் உட்கார்ந்துவிட்டன. ஜெல்லிமீனைப் போட்டால் எக்ஸ்டர்னல் சிரிப்பாரா?

வாலாஜா_அக்கா எழுதியது:

சிரிக்க மாட்டார், போடுங்கள். "நீர் உறிஞ்சும் வழி அடைப்பு" என்று எழுதிவிட்டு அவர் கேட்டால் ஜெல்லிமீன் என்று சொல்லுங்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்றும் பார்த்துவிட்டுப் போங்கள், அடுத்த கேள்வி அதுதான் வரும்.

ஆற்காடு_மக்கன்பேடா எழுதியது:

பாய்லர்காரர் ஐயா, அந்த பேனல் இப்போது எங்கே இருக்கிறது?

பழைய_பாய்லர்காரன் எழுதியது:

இரண்டாகப் பிரித்து முதல் மாடிப் படிக்கட்டுக்கு ஏற்றியாகிவிட்டது, எட்டு மாதம் மீட்டிங் போட்டு. இரண்டுக்கும் சாவி ஒன்றுதான், வாட்ச்மேனிடம் இருக்கிறது. இந்த திரியைப் படித்த பிறகுதான் அது உறைத்தது, நாளைக்கு டூப்ளிகேட் அடிக்கப் போகிறேன்.