டிக்கன்ஸ், ஆஸ்டின் நாவல் எல்லாம் இன்னும் ஏன் படிக்கிறாங்க?

கேள்வி:
வணக்கம். நான் தமிழ் மீடியம், இங்கிலீஷ் நாவல் பக்கம் வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது. இப்போ டிக்கன்ஸோட 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' எடுத்திருக்கேன், அஞ்சு அத்தியாயம் முடிஞ்சது. ஆரம்பத்துல கல்லறைத் தோட்டத்துல தப்பிச்ச கைதி ஒருத்தன் பிப்ங்கற சின்னப் பையனப் புடிச்சு மிரட்டுற இடம் ரொம்பப் புடிச்சுது, ஆனா அப்புறம் சில வாக்கியம் போய்க்கிட்டே இருக்கு, டிக்‌ஷனரிய மூடவே முடியல. 1861ல முடிஞ்ச கதை, இன்னும் ஆசப்பட்டுப் படிக்கிறாங்கன்னா உள்ள என்னமோ இருக்கணும்ல? பாடத்துல வெச்சதாலதான் பேர் நிக்குதுன்னு நண்பர் ஒருத்தர் சொல்றார், எனக்கு அத ஏத்துக்க மனசு வரல.

பதில் 1:
தயவு செஞ்சு 27ஆவது அத்தியாயம் வரைக்கும் போங்க. நீங்க இப்பதான் படிச்சிருப்பீங்க, கைதியத் தேடிப் போறப்போ சதுப்பு நிலத்துல பிப்ப முதுகுல தூக்கிட்டுப் போவாரே ஜோ, அக்கா புருஷன், கொல்லுப்பட்டற வெச்சிருக்கவர். அக்கா அடிச்சு வளக்குற வீட்ல அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த மனுஷன்தான். பின்னாடி பிப் கைல காசு வந்து லண்டன்ல செட்டில் ஆனதும் ஜோ பாக்க வர்றார். காசு குடுத்து அவர வரவிடாம பண்ண முடிஞ்சிருந்தா குடுத்திருப்பேன்னு பிப்பே சொல்றான். ஜோவுக்கு தொப்பிய எங்க வெக்கிறதுன்னு தெரியல, கணப்பு மேல இருக்க பலகையோட ஓரத்துல வெக்கிறார், விழுது, எடுத்து வெக்கிறார், மறுபடி விழுது. முதுகுல சுமந்த பையன 'சார்'னு கூப்பிடுறார். எனக்கு அதுக்கு மேல படிக்க முடியல, புத்தகத்த கவுத்து வெச்சுட்டேன், ஏன்னா நான் வேலைல சேந்த புதுசுல அப்பா ரூமுக்கு வந்தப்போ எப்படா கிளம்புவார்னுதான் இருந்தேன்.

வயசானப்புறம் பிப்பே உக்காந்து சொல்ற கதை அது, தன்ன எங்கயும் காப்பாத்திக்க மாட்டான். டிக்கன்ஸ் 12 வயசுல ஷூ பாலிஷ் கம்பெனில பாலிஷ் டப்பாவுக்கு லேபிள் ஒட்டினவர், அப்பா கடனுக்காக மார்ஷல்சீ ஜெயில்ல இருந்தார். நெருங்கின நண்பர் ஃபார்ஸ்டர் மாதிரி ஒண்ணு ரெண்டு பேரத் தவிர யார்கிட்டயும் அவர் அதச் சொல்லல, செத்ததுக்கு அப்புறம்தான் ஊருக்குத் தெரிஞ்சுது. அந்த வெக்கம் எழுத்துல இருக்கு. பாடத்துல வெச்சா பேர் நிக்கலாம், அந்த தொப்பி மனசுல நிக்காது.

பதில் 2:
வாக்கியம் நீளம்னு பயப்படாதீங்க, அது வாரப் பத்திரிகைல வந்த தொடர்கதை, டிசம்பர் 1860லருந்து 36 வாரம். குடும்பமா உக்காந்து ஒருத்தர் படிக்க மத்தவங்க கேட்ட காலம். நீங்களும் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, கண்ணால ஓட்டறப்போ சிக்குற வாக்கியம் காதுல சரியா விழும். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் போதும்.

பதில் 3:
டிக்கன்ஸ் கஷ்டமா இருந்தா நடுவுல ஜேன் ஆஸ்டினோட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படிங்க. 1813ல வந்தது. எல்லாரும் எலிசபெத், டார்சின்னு காதல் கதையாவே பேசுவாங்க, எனக்கு அதுல எலிசபெத்தோட தோழி சார்லட்தான் முக்கியம். 27 வயசு, சொத்து இல்ல, காலின்ஸ் ஒரு மண்டுன்னு நல்லாத் தெரிஞ்சே கட்டிக்கிறா, ஏன்னா இருக்க ஒரு வீடு வேணும். எலிசபெத்தோட பென்னட் வீட்டுக்கும் அதே கதிதான், அஞ்சு பொண்ணு, ஆம்பள வாரிசு இல்லாததால அப்பா போனதும் வீடும் நிலமும் சொந்தக்காரரான அதே காலின்ஸுக்குப் போயிடும். யாருக்கு வருஷத்துக்கு எவ்ளோ பவுண்டு வருதுன்னு ஆஸ்டின் கணக்காச் சொல்லிடுவாங்க, அதத் தெரிஞ்சுக்கிட்டு படிச்சா ஒவ்வொரு பேச்சுக்கும் அடில பயம் இருக்கறது புரியும். சார்லட் பண்ணது தப்புன்னு எலிசபெத் நெனைக்கிறா. நான் மூணு தடவ படிச்சாச்சு, ஒவ்வொரு தடவையும் சார்லட் பக்கம்தான் சாயறேன்.

கேள்வி கேட்டவர்:
முதுகுல தூக்கிட்டுப் போற இடம் நேத்து ராத்திரிதான் படிச்சேன், சாதாரணமாத் தாண்டிட்டேன், இப்போ திரும்பப் போய் படிச்சேன். 27 வந்ததும் இங்கயே எழுதறேன்.