நம்ம காலேஜ் ஃபுட்பால் டீம் டிஃபென்ஸ் இந்த வருசமாவது தேறுமா?

தேவகோட்டை ரஸ்தா:
மக்களே, சோனல் மேட்ச் நெருங்கிருச்சு, மனசு அடிச்சுக்குது, அதான் கேக்குறேன். முன்னாடி ஆடுற பசங்களப் பத்தி எனக்குக் கவலையே இல்ல, எப்படியும் கோல் போட்ருவானுங்க. ஆனா பின்னாடி? போன வருசம் செமில ரெண்டு கோல் லீட் இருந்தும் தோத்தோம், பல்லவன் ரயில்ல ராத்திரி காரைக்குடி வந்து எறங்கி தூங்காமக் கொள்ளாம போய்ப் பாத்த மேட்ச் அது. அவங்க போட்ட ரெண்டாவது கோல் இன்னும் கண்ணுலயே நிக்குது. த்ரோ எறியுறான், பின்னாடி நடுவுல நின்னு தடுக்குற நம்ம ஸ்டாப்பர், அவன் நம்மாளுங்களத் தாண்டி கோல் பக்கம் நிக்கிறான், ஆஃப்சைடுன்னு கையத் தூக்கிட்டு லைன்ஸ்மேன் மூஞ்சியவே பாக்குறான், பந்து அவன் முதுகுக்குப் பின்னாடி விழுந்து உள்ள போயிருச்சு. த்ரோவ நேரா வாங்குனா ஏதுய்யா ஆஃப்சைடு? கோல் கிக், கார்னர் எதுக்கும் கெடையாதே! அந்த ரெண்டு ஸ்டாப்பரும் இப்ப படிப்பு முடிச்சுப் போயிட்டானுங்க, நிக்கப்போறது புதுப் பசங்க. பிராக்டீஸ் பாக்குறவங்க சொல்லுங்க, எந்த அளவுக்கு நம்பலாம்?

கோவிலூர் பையன்:
அண்ணே நான் தெனம் சாயங்காலம் கிரவுண்டு வழியா தான் வீட்டுக்குப் போறேன். பசங்க நல்லா ஓடுறானுங்க, ஆனா ரெண்டு பேரும் குட்ட. கார்னர் வந்தா பந்து தலைக்கு மேல போகுது. ஆறடில ஒருத்தன் கெடச்சா தான் தப்பிப்போம், இல்லேன்னா கஷ்டம்தான்.

பழைய ஸ்டாப்பர்:
தம்பி, உயரத்த விடு. 2006 வேர்ல்டு கப்ல இத்தாலி 7 மேட்ச்ல வாங்குனதே 2 கோல், ஒண்ணு சேம்சைடு, இன்னொண்ணு ஃபைனல்ல ஜிதான் அடிச்ச பெனால்டி. அந்த டீமுக்கு நடுவுல நின்ன கன்னவாரோ ஆறடி கெடையாது, அந்த வருசம் சிறந்த ஆட்டக்காரனுக்குக் குடுக்குற பாலன் டி ஓரும் அவருக்குத்தான் குடுத்தாங்க.

நான் மூணு வருசம் இதே கிரவுண்டுல பின்னாடி நின்னவன், அதனால சொல்றேன். நம்ம செம்மண்ணு மழைக்கு முன்னாடி கல்லு மாதிரி கெடக்கும், பந்து ஒரு குத்து குத்துனா நெஞ்சு உயரம் எழும்பும், அதுக்கே காலு பழகிப்போயிரும். வெளியூர்ல புல்லுத் தரைக்குப் போனா அதே பந்து எழும்பாம சறுக்கிட்டு ஓடும், நம்ம ஆளு பவுன்ஸுக்காக ஒரு நொடி நிப்பான், அதுக்குள்ள அவன் பூந்து போயிருவான். எனக்கே ரெண்டு தடவ நடந்துருக்கு, ராத்திரி சோறு எறங்கல.

இன்னொண்ணு, கோவப்படாதீங்க, தப்பு நம்ம மேலயும் இருக்கு. பின்னாடி நிக்கிற பேக் பந்த நிறுத்துன உடனே லைனுக்கு வெளிய நிக்கிற நாம அம்புட்டுப் பேரும் "அடிச்சு விடு, அடிச்சு விடு"ன்னு கத்துறோம். பத்தொம்பது வயசுப் பையன், பதறிப்போய் கண்ண மூடிக்கிட்டு ஒதைக்கிறான், பந்து நேரா அவங்க நடு ஆளு கால்ல விழுது, அர நிமிசத்துல திரும்ப நம்ம பெட்டிக்குள்ள வந்துருது. செமில கடைசி பத்து நிமிசம் முழுக்க இதே கதைதான், நானும் தான் கத்துனேன்.

ஹாஸ்டல் ஜன்னல்:
அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. கீப்பரையும் சேத்துக்கோங்க. கைல புடிச்சுட்டு யாருக்குக் குடுக்கன்னு பாத்துக்கிட்டே நிக்கிறான், 2025ல வந்த ரூல்படி 8 செகண்டுக்கு மேல வச்சுருந்தா எதிர் டீமுக்கு கார்னர். பேக்குங்க ரெண்டு பக்கமும் விரிஞ்சு நின்னு கேட்டு வாங்குனா அவன் ஏன் நிக்கப்போறான்? எங்க பசங்க யாரும் வாயத் தொறக்க மாட்டேங்குறானுங்க ணே, "விடு, என் பந்து"ன்னு கூட கத்துறது இல்ல, ரெண்டு பேரும் ஒரே பந்துக்குப் போய் முட்டிக்கிறானுங்க.

தேவகோட்டை ரஸ்தா:
படிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டேன், நானும் அன்னைக்குத் தொண்டை கட்டுற அளவுக்குக் கத்துனவன் தான். கோலே வாங்கக் கூடாதுன்னு எல்லாம் இனி எதிர்பாக்கல, லீட் எடுத்தா அத வுட்றாம இருந்தா போதும். பழைய ஸ்டாப்பர் அண்ணே, நீங்க ஒரு நாள் வந்து அந்த ரெண்டு பசங்களுக்கும் எங்க நிக்கணும் எப்பக் கத்தணும்னு சொல்லிக் குடுங்களேன். மாஸ்டர்கிட்ட நான் பேசுறேன். சனிக்கெழம நான் ஊர்ல தான் இருப்பேன்.

பழைய ஸ்டாப்பர்:
வர்றேன் தம்பி. காலையில ஆறு மணிக்கே வரச் சொல்லு, ஏழரைக்கு மேல வெயிலு நிக்க விடாது. த்ரோ நல்லா நீளமா எறியுற பையன் ஒருத்தனையும் கூட்டிட்டு வா, மொதல்ல அதுல இருந்தே ஆரம்பிப்போம்.