ஆர்லாண்டோ போறீங்களா, டிக்கெட்டுக்கு மேல் எதற்கெல்லாம் காசு கட்டலாம்

அஸ்தம்பட்டியிலிருந்து டல்லாஸ் போயிருக்கும் தம்பிக்கு. டிசம்பரில் அப்பா அம்மா வருகிறார்கள், ஆர்லாண்டோ டிஸ்னி பார்க்குக்கு டிக்கெட் போடும்போதே லைட்னிங் லேன், பார்க் ஹாப்பர், போட்டோ என்று வரிசையாகக் கேட்கிறதே, எல்லாம் வாங்கணுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் லீவுக்கு வந்து இப்போது ஏற்காட்டில் இருக்கிறேன், காலையிலிருந்து விடாத மழை, ஏரிப் பக்கம் போக முடியாது, அதனால் சாவகாசமாகவே எழுதுகிறேன்.

முதலில் லைட்னிங் லேன். வரிசையில் நிற்காமல் பக்கத்து வழியில் போகிற வசதி. ஃபாஸ்ட்பாஸ் என்ற பெயரில் இது இலவசமாக இருந்தது. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் வைத்தார்கள், 2024 ஜூலையில் அதற்கே மல்டி பாஸ் என்று பெயர் மாற்றினார்கள். இப்போது விலை தேதிக்குத் தேதி, பார்க்குக்குப் பார்க் மாறும், கிறிஸ்துமஸ் வாரத்தில் எகிறிவிடும். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் 7 நாள் முன்பே நேரம் பிடிக்கலாம், வெளியே தங்கினால் 3 நாள்தான். இதை வாங்கிவிட்டால் எல்லா ரைடும் அடங்கியது என்று நினைக்காதீர்கள், அங்கே இருக்கிற நான்கு டிஸ்னி பார்க்கில் ஒன்றான மேஜிக் கிங்டமில், ட்ரான் மாதிரி ஒன்றிரண்டு ரைடுக்குத் தனியாகக் கட்டணும்.

நான் போனபோது ஆறு பேர், யோசிக்காமல் ஆறு பேருக்கும் வரிசை தாண்டும் பாஸ் எடுத்தேன். முதல் ரைடு வாசலிலேயே அப்பா, "ஏற்காடு போற இருபது வளைவுக்கே எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு போற ஆளு நானு, என்னைய இதுல ஏத்தப் பாக்கறியா" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அவருக்குத் துணை. சின்னவளுக்கு உயரம் பத்தவில்லை. ஆக மூன்று பேர் காசு அப்படியே போச்சு, அதுவும் ஒவ்வொரு டாலரையும் மனசுக்குள் ரூபாயாகப் பெருக்கிக்கொண்டிருந்த காலம் அது, ராத்திரி தூக்கமே வரவில்லை.

பாஸ் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. அதனால் யார் நிஜமாக ஏறுவார்கள் என்று எண்ணி அவர்களுக்கு மட்டும் எடுங்கள். குழந்தை இருந்தால் வீட்டிலேயே இஞ்ச் டேப் வைத்து அளந்துவிடுங்கள்: ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலம், ட்ரானுக்கு 48, செவன் ட்வார்ஃப்ஸுக்கு 38. தாத்தா பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொண்டால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போய் வரலாம். அவர்கள் வராத நாளில் ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள், ஒருவர் போய் வந்ததும் அடுத்தவர் முழு வரிசையும் மறுபடி நிற்காமல் போகலாம், பைசா கிடையாது. மூன்று வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம்.

பார்க் ஹாப்பர் என்றால் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட பார்க்குக்குப் போகிற டிக்கெட், பெரியவர்களோடு போகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். நான்கு பார்க்கும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதிலேயே நிறைய நேரம் போகும். போட்டோவுக்கும் தனியாகக் காசு கட்ட வேண்டாம், அங்கே நிற்கிற போட்டோகிராபரிடம் உங்கள் போனைக் கொடுத்தால் அதிலும் எடுத்துத் தருவார்.

சாப்பாடு கொண்டுபோகலாம் என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. கண்ணாடி பாட்டில் இல்லாமல் இருந்தால் சரி. புளிச்சோறு, ஊரிலிருந்து அம்மா கொண்டுவரும் தட்டுவடை, எல்லாம் பையில் போகட்டும். குளிர்பானம் விற்கிற கவுண்டரில் ஐஸ் தண்ணீர் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

அப்பாவுக்கு முட்டி வலி என்றீர்கள். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், கூச்சப்படாமல் எடுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் காசுதான் முதலில் கட்ட வேண்டிய காசு.

ஆர்லாண்டோவிலேயே இருக்கிற இன்னொரு கம்பெனி பார்க்கான யுனிவர்சல் போவதானால் கணக்கு வேறு. போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் இந்த மூன்று ஹோட்டலிலும் அறை எடுத்தால் அங்குள்ள பழைய இரண்டு பார்க்குக்கும் வரிசை தாண்டுகிற எக்ஸ்பிரஸ் பாஸ் சேர்ந்தே வரும், ஒரு ராத்திரி தங்கினால் வருகிற நாள், கிளம்புகிற நாள் இரண்டுக்கும் செல்லும். 2025இல் திறந்த எபிக் யுனிவர்ஸுக்கு மட்டும் அது செல்லாது. ஏறுகிற ஆள் நிறைய இருந்தால் தனியாகப் பாஸ் வாங்குவதைவிட அறை வாடகை கட்டுப்படியாகலாம், இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

டிசம்பரில் எந்தத் தேதி என்று சொல்லவில்லையே? முதல் வாரம் என்றால் பாஸை மறந்துவிட்டு கேட் திறப்பதற்கு அரை மணி முன்னால் போய் நில்லுங்கள். கிறிஸ்துமஸ் ஒட்டி என்றால் ஏறுகிறவர்களுக்கு மட்டும் ஒரே ஒரு நாள், மேஜிக் கிங்டமுக்கு எடுங்கள்.