பினாங்கு – கோலாலம்பூர் சைக்கிள் பயணம் முடிந்தது. வேன் கணக்கும் ஒரு கோரிக்கையும்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்கு, செந்தூலில் அக்கா மகள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். பட்டர்வொர்த் படகுத்துறையில் ஏறி மிதித்ததிலிருந்து மீட்டர் காட்டிய தூரம் 378 கிலோமீட்டர். நான்கு நாள். விழவில்லை, எங்கும் லாரியில் ஏற்றிக்கொண்டு வரவில்லை, பஞ்சரான இடத்தில் கொஞ்சம் தள்ளியது போக, முழுக்க மிதித்துத்தான் வந்தேன். முழங்கால் நன்றாக இருக்கிறது. இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் இன்னும் மரத்துக் கிடக்கின்றன. நாள் கணக்கில் உள்ளங்கையை ஹேண்டில்பாரில் ஊன்றிக்கொண்டே வந்தால் அங்கே ஓடும் நரம்பு அழுந்திவிடுமாம், சில வாரத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். போன் போட்டுக் கேட்ட எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, அதனால் இங்கேயே எல்லாம் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

புதிதாகச் சேர்ந்த தம்பிமார்களுக்காக விஷயத்தை முதலில் சொல்கிறேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பதினைந்து நாள் அத்தானோடு டயாலிசிஸுக்கு, அதாவது சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்கிற சிகிச்சைக்கு, போய் வந்தேன். திங்கள், புதன், வெள்ளி, வாரத்துக்கு மூன்று நாள். சிகிச்சைக்குக் காசு இல்லை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆகிவிடுகிறது. போய் வருவதுதான் பாடு. விடிவதற்கு முன்னால் எழுந்து பட்டுக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து தஞ்சாவூருக்கு ஒரு பஸ், மெஷினில் நான்கு மணி நேரம், அப்புறம் அதே இரண்டு பஸ். இரத்தத்திலிருந்து நீரை இழுத்த பிறகு பிரஷர் இறங்கிப்போய்த் தலை சுற்றுகிற உடம்போடு, மதிய வெயிலில், உட்கார இடம் கிடைக்காத பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நின்று வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும். கூடவே ஓர் ஆள் போக வேண்டும், அந்த ஆளுக்கு அன்றைக்குக் கூலி போச்சு. நம் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊரிலுமாகச் சேர்த்து ஐந்து பேர் இப்படிப் போய் வருகிறார்கள். அதில் ஒருவருக்கு முப்பத்திரண்டு வயதுதான்.

அத்தானின் இடது கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, நாளத்தையும் தமனியையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அதன் வழியாகத்தான் ஊசி போடுவது. "தொட்டுப் பாரு மாப்ளே" என்றார். விரலை வைத்தால் தோலுக்கு அடியில் தேன்கூட்டில் கை வைத்தது போல விர்ரென்று ஓடுகிறது. அந்த ஓட்டம் இருக்கிறதா என்று தினமும் காலையில் எழுந்தவுடன் தொட்டுப் பார்த்துக்கொள்வாராம். நின்றால் மெஷின் இல்லை.

அந்த ஐந்து பேரும் போய் வர ஒரு வேன் விடக் காசு சேர்ப்பதற்காக அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்தப் பயணம். எனக்கு 58 வயது. முதலில் இதய டாக்டரிடம் போய் ட்ரெட்மில் சோதனை எடுத்து, ஓட்டலாம் என்று எழுதி வாங்கினேன். அதற்கப்புறம் ஆறு மாதம் பயிற்சி. வாரநாளில் பத்து பெரிங்கி கடற்கரை வரைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் தெலுக் பாஹாங், பாலிக் பூலாவ் என்று தீவைச் சுற்றி ஒரு முழு வட்டம், எழுபது கிலோமீட்டர் சொச்சம் வரும். தொடக்கத்தில் முழங்கால் முன்பக்கம் குத்திக்கொண்டே இருந்தது. சீட் தாழ்ந்திருந்ததுதான் காரணம், இரண்டு விரல்கடை உயர்த்தியதும் போய்விட்டது. நம் வயதில் சைக்கிளைத் தொட நினைக்கிறவர்கள் முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள், அப்புறம் கனத்த கியரில் திமிறாமல் லேசான கியரில் வேகமாக மிதியுங்கள். மற்றதெல்லாம் பழக்கம்.

கூட ஒரு காடியோ (காரோ) ஆளோ ஏன் இல்லை, இந்த வயதில் இது தேவையா என்று துபாய் அண்ணன் கோபப்பட்டார். காடி, டிரைவர், எண்ணெய் என்று நான்கு நாளைக்குப் போகிற காசு ஊரில் பல நடை வேனுக்கு ஆகும், அண்ணே. அதுதான் காரணம். வீட்டுக்காரி போட்ட ஒரே நிபந்தனை, நான் இருக்கிற இடம் அவள் போனில் எப்போதும் தெரிய வேண்டும் என்பது. அதைக் கடைசிவரை காப்பாற்றினேன்.

பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, நெடுஞ்சாலையிலும் இல்லை. அதனால் வியாழக்கிழமை ஃபெரியில் கடந்து, பழைய ஒன்றாம் நம்பர் ரோட்டைப் பிடித்தேன். இங்கே விடிய ஏழு மணிக்கு மேல் ஆகிவிடும், ஆனால் பதினொரு மணிக்கெல்லாம் தார் கொதிக்கும், அதனால் எல்லா நாளும் இருட்டிலேயே விளக்குப் போட்டுக் கிளம்பினேன். நிபோங் திபால் தாண்டி பாரிட் புந்தார், பாகான் செராய் வரைக்கும் இரண்டு பக்கமும் வயல். கிரியான் நெல் வட்டாரம். மேடு பள்ளமே இல்லாத ரோடு, வாய்க்கால், கொக்கு, நம் ஊர் மாதிரியே இருந்தது.

பாகான் செராய்க்கு முன்னால் ஓர் இளநீர்க் கடையில் நிறுத்தினேன். சட்டை முதுகில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. இரண்டு இளநீரை நின்றபடியே குடித்துவிட்டு, காலி போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும்போது அதன் பக்கவாட்டில் போட்டிருந்த அளவு கண்ணில் பட்டது. 750 மில்லி. என் கை அப்படியே நின்றுவிட்டது. அத்தானுக்கு ஒரு நாள் முழுவதற்கும் டாக்டர் அளந்து கொடுத்திருக்கிற தண்ணீர் அந்த முக்கால் லிட்டர்தான், காபி, ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். அக்கா காலையில் ஒரு செம்பில் அளந்து மூடி வைத்துவிடுவாள். மாத்திரைக்கு ஒரு மடக்கு, சோற்றுக்கு ஒரு மடக்கு. நான் மணிக்கு ஒரு போத்தல் குடித்துக்கொண்டு வருகிறேன். இளநீர் அவர் வாயிலேயே வைக்கக் கூடாது, பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து ஒரே இரவில் சாய்க்கும் வரைக்கும் எழுபது தென்னை வைத்திருந்த மனிதர் அவர். லீவுக்குப் போகிற நம் எல்லோருக்கும் தன் கையால் இளநீர் சீவிக் கொடுத்தவர். அந்தக் கடையிலிருந்து தைப்பிங் வரைக்கும் அதே நினைப்பாகத்தான் மிதித்தேன்.

இரண்டாம் நாள் தைப்பிங்கிலிருந்து ஈப்போ. புக்கிட் பெராப்பிட் ஏற்றம்தான் இந்த வழியிலேயே கடினம், ஒரு தடவைகூட இறங்கித் தள்ளவில்லை. அப்புறம் கோலகங்சார், சுங்கை சிப்புட். அன்று மாலை ஈப்போவில் பேய் மழை, அறையிலேயே கிடந்தேன்.

மூன்றாம் நாள் கம்பார் வழியாக வந்தேன். 1941 டிசம்பர் 30இலிருந்து 1942 ஜனவரி 2 வரைக்கும் அங்கே பெரிய சண்டை நடந்தது. அந்தப் படையெடுப்பில் ஜப்பான்காரன் சிப்பாய்கள் நிறையப் பேர் சைக்கிளில்தான் தெற்கே இறங்கினார்கள், டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டிக்கொண்டு போவார்களாம். அதற்குப் பின்னால் இந்த ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன தமிழர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பவே இல்லை. அந்த ரோட்டில் போகும்போது அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தாப்பா தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். எண்ணெய்ப் பனை நிழலில் உட்கார்ந்து டியூப் மாற்றினேன். மூன்று கிலோமீட்டரில் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. கையில் இருந்த இரண்டு டியூபும் போச்சு. தள்ளிக்கொண்டே வந்து பீடோருக்கு வெளியே ஒரு மோட்டார் பட்டறையில் நிறுத்தினேன். நம் தமிழ்ப் பிள்ளைதான், நாற்பது வயது இருக்கும். "டியூப மாத்துனா பத்தாது அண்ணே, டயருக்குள்ள கம்பி நிக்குது" என்றார். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயருக்கு உள்பக்கமாக மெதுவாகச் சுற்றிலும் தேய்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் பஞ்சு இழை பிரிந்து மாட்டிக்கொண்டது. மீசை முடி தடிமனில், கண்ணுக்கே தெரியாத ஒரு கம்பி. வெடித்த லாரி டயரிலிருந்து ரோட்டில் சிதறுவதாம். குறட்டில் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார், இப்போதும் அதைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

எதற்காக ஓட்டுகிறேன் என்று கேட்டார், சொன்னேன். அவர் அம்மாவுக்கும் டயாலிசிஸ்தானாம், வாரம் மூன்று தடவை கடையைப் பூட்டிவிட்டு இவர்தான் காடியில் ஏற்றிக்கொண்டு போகிறாராம். டியூப் ஒட்டியதற்குக் காசு வாங்கவில்லை, தன் பங்குக்குப் பத்து வெள்ளி (மலேசிய ரிங்கிட்) எடுத்து நீட்டினார். அப்புறம் ஒன்று கேட்டார்: "சரிண்ணே, இந்தக் காசு முடிஞ்சா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சிலிம் ரிவரில் போய்ப் படுக்கும் வரைக்கும் அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. கணக்கை உங்கள் முன்னாலும் வைக்கிறேன். வேன் ஒரு நடைக்கு, டீசல், டிரைவர் எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். மாதம் பதின்மூன்று நடை, 36,400 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளி தருவதாக நீங்கள் 41 பேர் வாக்குக் கொடுத்தீர்கள், அப்படிப் பார்த்தால் 15,498 வெள்ளி. பட்டறைத் தம்பியின் பத்து வெள்ளி தனி. வெள்ளிக்கு இருபது ரூபாய் என்று வைத்தால் எட்டு மாதம் ஓடும், இழுத்துப் பிடித்தால் எட்டரை. டயாலிசிஸ் எட்டு மாதத்தில் முடிகிற வைத்தியம் இல்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் ஒழிய ஆயுசு முழுக்க வாரம் மூன்று நாள் போய்த்தான் ஆக வேண்டும். ஒன்பதாவது மாதம் அந்த ஐந்து பேரையும் மறுபடி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு நமக்கு மனசு வருமா? வேனில் பழகிவிட்டவர்களுக்கு அது இன்னும் கொடுமை.

இரண்டாம் நாள் சுங்கை சிப்புட்டில் தேத்தண்ணி குடித்த கடையில், மலேசியாவில் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் படம் மாட்டியிருந்தது. அவர் பிறந்த ஊர் அது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்து, மூன்று தலைமுறையாக இருந்த சனங்கள் லயத்து வீடுகளை விட்டு வெளியே போக வேண்டிய நிலை வந்தபோது, 1960இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பெரிய பணக்காரர்களைத் தேடி அவர் போகவில்லை. தோட்டம் தோட்டமாகப் போய் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் கேட்டார். அந்தக் காசில் தோட்டங்களே வாங்கினார்கள். தாங்கள் வேலை செய்த மண்ணுக்கே அவர்கள் பங்குதாரர் ஆனார்கள். அன்றைக்கு ஒரு பால்வெட்டுக்காரருக்குப் பத்து வெள்ளி என்பது எவ்வளவு பெரிய காசு என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் கேட்கிறேன். இந்தக் குழுவில் நாம் 230 பேர் இருக்கிறோம். மாதம் பத்து வெள்ளி. சிங்கப்பூர், துபாய், லண்டன்காரர்கள் அதற்கு ஈடான உங்கள் ஊர்க் காசு. 182 பேர் சேர்ந்தால் வேன் நிற்காது. ஒரேயடியாக ஆயிரம், இரண்டாயிரம் தருகிறேன் என்று போனில் சொன்ன அண்ணன்மார்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், அதையே மாதாமாதம் பிரித்துக் கொடுங்கள். வங்கியில் ஒருமுறை சொல்லிவிட்டால் அதுவே போய்க்கொண்டிருக்கும். முடியாத மாதம் சொல்லிவிட்டு நிறுத்தலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

கடைசி நாள் தஞ்சோங் மாலிம், ரவாங் வழியாக வந்து, பத்துமலையில் முருகனைக் கீழே நின்றே கும்பிட்டுவிட்டு செந்தூலுக்குப் போனேன். அத்தானின் மகள் வாசலிலேயே காத்திருந்தாள். உள்ளே போவதற்கு முன்னாலேயே அப்பாவுக்குப் போன் போட்டு என் முகத்துக்கு நேராக நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மெஷின் இல்லாத நாள், திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு தூரம், கால் வலிக்கிறதா என்றெல்லாம் கேட்கவில்லை. "தண்ணி நல்லா குடிச்சியா மாப்ளே?" என்றார். குடித்தேன் அத்தான் என்றேன். "எளநி?" என்றார். ரெண்டு, வழியில ஒரு கடையில என்றேன். வழுக்கையா, தேங்காயா, இனிப்பு இருந்துச்சா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

வேன் வருகிற திங்கட்கிழமை முதல் ஓடுகிறது. காலை ஐந்து மணிக்குப் பிள்ளையார் கோயில் முன்னாலிருந்து கிளம்பும், பக்கத்து ஊர்க்காரர்கள் இருவரையும் மெயின்ரோட்டில் ஏற்றிக்கொள்ளும். ஐந்து பேருக்கும் ஒரே நாளில் ஒரே நேரம் வாங்கிக் கொடுத்த ஊர்த் தம்பிக்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி. மாதக் கணக்கு ஒவ்வொரு முதல் வாரமும் இங்கேயே போடுவேன், எத்தனை நடை, எவ்வளவு டீசல் என்பது வரைக்கும். பத்து வெள்ளிக்குச் சேருகிறவர்கள் புதன்கிழமைக்குள் பெயரையும் தெருவையும் எழுதுங்கள். கணக்கு எண்ணைப் பொருளாளர் தனியாக அனுப்புவார். முதல் பெயர் என்னுடையது.

மேலத்தெரு, குளத்தங்கரை வீடு
பினாங்கு