1988 குழுப் படம், பன்னிரண்டு பிரதி: வீட்டுப் பிரிண்டருக்கு எந்த கிளாஸி தாள் வாங்குவது?

பெரம்பூர்க்காரி (கேள்வி)

அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் (ஐ.சி.எஃப்.), பெட்டியின் கூட்டைச் செய்யும் ஷெல் பிரிவில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1988இல் வேலை முடித்து நிறுத்திய ஒரு ரயில் பெட்டியின் முன்னால் அவரும் கூட்டாளிகளும் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. எட்டுக்கு ஆறு அங்குலம். எட்டுப் பேர் நிற்கிறார்கள், நான்கு பேர் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பது பேர் இன்றும் இருக்கிறார்கள். அடுத்த மாதம் அயனாவரத்தில் ஒரு திருமணத்தில் எல்லோரும் கூடப்போகிறார்கள். அவர்களுக்கு ஒன்பது, மறைந்த மூன்று பேரின் வீட்டுக்கு மூன்று என ஏ4 அளவில் பன்னிரண்டு பிரிண்ட் வேண்டும்.

முதலில் ஒரு ஃபோட்டோ லேபில்தான் கொடுத்தேன். பன்னிரண்டு முகத்தையும் மாவு பூசியதுபோல வெளுத்துக் கொடுத்தார்கள். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, “இது யார் வீட்டுப் படம்?” என்று கேட்டார். அதனால் வீட்டிலேயே அடிக்கலாம் என்று முடிவு செய்தேன்.

600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். பிள்ளையின் பள்ளி வேலைக்காக வாங்கிய நான்கு நிற டேங்க் பிரிண்டர் இருக்கிறது. தெருமுனை ஸ்டேஷனரி கடையில் ‘ஹை கிளாஸி, 180 ஜி.எஸ்.எம்.’ என்று போட்ட பொட்டலம் வாங்கினேன். முதல் பிரிண்டில் பெட்டியின் அடியில் இருக்கும் கறுப்பு அப்படியே விரலில் ஒட்டியது. பிரிண்டர் அமைப்பில் தாளின் வகையை ‘கிளாஸி’ என்று மாற்றி மறுபடி அடித்தேன். இப்போது விரலில் ஒட்டவில்லை, ஆனால் எல்லோருடைய வேட்டியும் பாசி படிந்ததுபோல் பச்சையடிக்கிறது. போதாததற்கு, இரவு மேசைமேல் வைத்த தாள் காலையில் அப்பளம்போல் சுருண்டு கிடந்தது.

தாள் மட்டமா, பிரிண்டர் மட்டமா, நான்தான் ஏதாவது தவறு செய்கிறேனா? எந்தத் தாள் வாங்கினால் சரியாக வரும்?

வியாசை வாசகன்

லேபை ஒரேயடியாகக் கைவிட வேண்டாம். பல லேப்களில் மையே கிடையாது. ஒளியால் பதிந்து ரசாயனத்தில் கழுவி எடுக்கும் தாள். சுருளாது, விரலில் ஒட்டாது, பல ஆண்டுகள் நிற்கும். ‘நிறத் திருத்தம் எதுவும் வேண்டாம், கோப்பில் இருப்பதை அப்படியே போடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு பிரதிக்காகத் தாளும் மையும் வாங்கிப் பாழாக்குவதைவிட அதுதான் மலிவு.

பழைய ஸ்டூடியோ, வண்ணாரப்பேட்டை

வியாசைத் தம்பி சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் ஓர் அப்பா ஒருமுறை “இது யார் வீட்டுப் படம்” என்று கேட்டுவிட்டால், பிறகு லேப் எப்படிப் போட்டுக் கொடுத்தாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். வீட்டிலேயே அடியுங்கள் அம்மா, வரும்.

உங்கள் பிரிண்டரின் கறுப்பு மைப் புட்டியை முதலில் எடுத்துப் படியுங்கள். அநேகமாக ‘பிக்மென்ட்’ என்று இருக்கும், மற்ற மூன்றும் ‘டை’. கடிதமும் பில்லும் அடிப்பதை மனத்தில் வைத்துச் செய்த டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் இப்படித்தான். கேனனின் ஜிஐ-790 மை வரிசை இந்த வகை. எப்சனின் 003 வரிசையில் நான்குமே டை.

டை என்பது கரைந்த சாயம், தாளின் பூச்சுக்குள் இறங்கிவிடும். பிக்மென்ட் என்பது துகள். சாதாரணத் தாளின் நாரைப் பற்றிக்கொண்டு கன்னங்கரேலென்று நிற்கும். கிளாஸி பூச்சில் அந்தத் துகள் நுழைய வழியில்லாமல் மேலேயே உட்கார்ந்துவிடும், தொட்டால் விரலோடு வரும். முதல் முறை நீங்கள் ‘பிளெயின் பேப்பர்’ அமைப்பில் அடித்திருப்பீர்கள். பிரிண்டர் பாவம், சாதாரணத் தாள் என்று நம்பிக் கறுப்பு மையைக் கொட்டியிருக்கிறது. ‘கிளாஸி’ என்று மாற்றியதும் அது கறுப்புப் புட்டியைத் தொடாமல், சயான், மெஜெந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்தே கறுப்பையும் சாம்பலையும் உண்டாக்குகிறது. அந்தக் கலவை ஒரு குறிப்பிட்ட தாளுக்குக் கணக்கிட்டது. வேறு தாளில் சற்று விலகும். வண்ணப் படமாக இருந்தால் அந்த விலகல் கண்ணில் படாது. வெள்ளை வேட்டியில் ஒளிய இடமேது?

இனி தாள். கடையில் எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் முன்பக்கம் ஒரே மாதிரிதான் மின்னும். நான் முதுகைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவேன். பின்பக்கம் வெறும் காகிதமாக, சொரசொரப்பாக இருந்தால் அது காஸ்ட் கோட்டட். நாங்கள் அந்தக் காலத்தில் புரோமைடு பிரிண்டை ஈரத்தோடு குரோமியத் தகட்டில் ஒட்டி, கிளேசரில் சூடேற்றிப் பளபளப்பு ஏற்றுவோம். இதுவும் அந்த வித்தைதான். ஈரப் பூச்சைச் சூடான குரோமிய உருளையில் அழுத்தி எடுக்கிறார்கள். பார்க்க அழகு, விலை குறைவு, குழந்தையின் புராஜெக்ட் நோட்டுக்குப் போதும். ஆனால் முதுகு திறந்து கிடப்பதால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தைப் பின்பக்கம் குடிக்கிறது, முன்பக்கம் அதே அளவு குடிப்பதில்லை. உங்கள் அப்பளம் அப்படி வந்ததுதான்.

உங்களுக்கு வேண்டியது ஆர்.சி. (ரெசின் கோட்டட்) தாள். நடுவே காகிதம், இரண்டு பக்கமும் மெல்லிய பாலிஎத்திலீன் படலம், முன்பக்கப் படலத்தின் மேல் நுண்துளைகள் உள்ள மை ஏற்கும் பூச்சு. முதுகு பிளாஸ்டிக் போல வழுக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் ஊறாமல் முத்தாக நிற்கும். மூலையைக் கிழித்தால் படலம் இழுபட்டு நூலாக வரும். மாதிரித் தாள் கொடுக்கும் கடையில் கிழித்தே பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

ஜி.எஸ்.எம். எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். அது எடை, தரம் அல்ல. 300 போட்ட காஸ்ட் கோட்டட் தாளைவிட 260 ஆர்.சி. தாள் நல்ல பிரிண்ட் தரும். உங்கள் பிரிண்டர் எவ்வளவு கனம் வரை இழுக்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிரிண்டர் செய்தவர்களே விற்கும் ஆர்.சி. தாள் கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள். அமைப்புப் பட்டியலில் அதன் பெயரே இருக்கும், கலவையும் அதற்கென்றே கணக்கிட்டிருப்பார்கள். வேறு தாள் என்றால், அதைத் தயாரித்தவர்கள் உங்கள் பிரிண்டருக்கான ஐசிசி புரொஃபைல், அதாவது அந்தத் தாளுக்கு ஏற்ப நிறத்தைச் சரிப்படுத்தும் கோப்பு, தருகிறார்களா என்று பாருங்கள்.

அப்படியும் ஒரு துளிப் பச்சை மிஞ்சலாம். மூன்று நிறத்தில் சாம்பல் உண்டாக்கும் பிரிண்டரிடம் இதற்குமேல் கேட்பது நியாயமில்லை. அதற்கு ஸ்டூடியோக்காரன் வழி ஒன்று: படத்தைச் சுத்தக் கறுப்பு வெள்ளையாக அடிக்காமல், மெல்லிய பழுப்பு ஏற்றி அடியுங்கள். 1988இல் கழுவிய பிரிண்ட் இப்போது கொஞ்சம் பழுத்துத்தான் இருக்கும், அதையே ஒத்துவரும். அடித்தவுடன் டியூப்லைட்டில் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஓர் இரவு காயட்டும், காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே பிரிண்ட் இரண்டு வெளிச்சத்தில் இரண்டு நிறமாகத் தெரியும்.

இந்தத் தாளை லேசர் பிரிண்டரில் மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டில் படலம் உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

ஒற்றியூர் அக்கா

ஐயா சொன்ன ஆர்.சி. சரி, ஆனால் முழு கிளாஸி எதற்கு? சுவரில் மாட்டினால் எதிரே இருக்கும் டியூப்லைட்தான் தெரியும், முகம் தெரியாது. அதே ஆர்.சி. தாள் செமி கிளாஸியாகவும் வருகிறது. விரல் ரேகை அவ்வளவாகப் பதியாது. வயதானவர்கள் கைமாற்றிப் பார்க்கும் படத்துக்கு அதுதான் ஏற்றது.

இன்னொன்று. எங்கள் வீடு எண்ணூர் விரைவு சாலையை ஒட்டி இருக்கிறது, கன்டெய்னர் லாரி ஓயாது. மகளின் பிறந்தநாள் படத்தை நல்ல நுண்துளைத் தாளில் அடித்து ஜன்னலோரம் வெறுமனே குத்தி வைத்தேன். சில மாதங்களில் நீலம் வடிந்து படமே செம்மண் நிறமாகிவிட்டது. துளை வழியாக மை சீக்கிரம் காய்கிறது, அதே துளை வழியாகக் காற்றில் உள்ள ஓசோனும் உள்ளே போய்ச் சாயத்தை அரிக்கிறது. அதே நாளில் அடித்து ஆல்பத்தில் வைத்த படம் இன்றும் நன்றாக இருக்கிறது. கொடுக்கும்போது கண்ணாடிச் சட்டமோ உறையோ போட்டே கொடுங்கள் தங்கையே. கண்ணாடி படத்தில் நேரடியாகப் படாமல் நடுவில் மவுண்ட் அட்டை இருக்கட்டும், இல்லையென்றால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பிரிக்க வராது.

பழைய ஸ்டூடியோ, வண்ணாரப்பேட்டை

செமி கிளாஸி பற்றி அக்காவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பழைய படத்தின் அடர்ந்த கறுப்பு, முழு கிளாஸியில்தான் ஆழமாக இறங்கும். பெட்டியின் அடிப்பகுதி அதில் தெரிவதுபோல மற்றதில் தெரியாது. சட்டம், மவுண்ட் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு.

பெரம்பூர்க்காரி

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. கறுப்புப் புட்டியில் பிக்மென்ட் என்றே போட்டிருந்தது.

சனிக்கிழமை பாரிமுனைக்குப் போய் ஆண்டர்சன் தெருவில் ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர்தான் மாதிரித் தாள்களைக் கையில் கொடுத்து, “கிழித்துக்கொள்ளுங்கள் அம்மா, எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்” என்று சிரித்தார். ஒன்று காகிதமாகக் கிழிந்தது, மற்றொன்று நூல் விட்டது. நூல் விட்ட 260 ஜி.எஸ்.எம். கிளாஸியே வாங்கினேன். விலை முன்பு வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு. அதே தாளில் நாலுக்கு ஆறு அங்குலச் சிறிய பொட்டலம் ஒன்றும் வாங்கியது புத்திசாலித்தனம் என்று இப்போது தோன்றுகிறது. பழுப்பு எவ்வளவு ஏற்றுவது என்று அதில்தான் ஏழு முறை அடித்துப் பார்த்தேன். ஏழாவதில் வேட்டி வேட்டியாக வந்தது.

ஏ4இல் இன்னொரு கூத்து. ஓரமில்லாமல் முழுத் தாளுக்கும் அடித்தபோது, கீழே உட்கார்ந்திருந்த நால்வரின் பாதமும் மேலே பெட்டியின் கூரையும் வெட்டுப்பட்டன. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டுக்கு ஆறு படத்தை 297 மி.மீ. அகலத்துக்கு விரித்தால் உயரம் ஏறத்தாழ 223 மி.மீ. ஆகிறது, தாளோ 210தான். அதனால் சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு, கீழே மட்டும் சற்று அதிகமாக விட்டு அடித்தேன். பாதங்கள் திரும்பக் கிடைத்தன. தாள்களை மொத்தமாக வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டாக உள்ளே போகின்றன. ஒவ்வொன்றாகத்தான் வைக்கிறேன். உயர்தர அமைப்பில் ஒரு தாளுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிறது. இதுவரை மூன்று முடிந்திருக்கிறது, இரண்டு நாளாகியும் சுருளவில்லை.

அப்பா பளபளப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, “இவன் சட்டைப் பையில் இருப்பது பீடிக்கட்டு! ஃபோர்மேன் பக்கத்திலேயே நிற்கிறார் பார்” என்றார். மூலப் படத்தில் அது எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

இன்னொரு சிக்கல். பின்னால் பெயர்களை எழுதச் சொல்கிறார். பால்பாயின்ட் பேனா வழுக்குகிறது, பென்சில் பிடிக்கவில்லை. எதால் எழுதுவது?

பழைய ஸ்டூடியோ, வண்ணாரப்பேட்டை

நல்ல முதுகுக்குக் கொடுக்கும் விலை அது. மெல்லிய முனை பெர்மனென்ட் மார்க்கர் எழுதும். ஆனால் நன்றாகக் காயுமுன் அடுக்கினால் அடியில் இருக்கும் படத்தின் முகத்தில் பதிந்துவிடும். அதற்கு அவசியமே இல்லை. கீழே அதிக ஓரம் விட்டிருக்கிறீர்களே, மீதி ஒன்பதிலும் பெயர்களை அங்கேயே வரிசைப்படி அச்சிட்டுவிடுங்கள். அடித்த மூன்றை உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு, புதிதாக மூன்று அடிக்கலாம்.

பெரம்பூர்க்காரி

பதினொரு பெயர் கிடைத்துவிட்டது ஐயா. நிற்பவர்களில் கடைசி ஆளை எல்லோரும் ‘மேஸ்திரி’ என்றே கூப்பிட்டார்களாம், இயற்பெயர் அப்பாவுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு அடிக்கிறேன். அவரும் திருமணத்துக்கு வருகிறார், மார்க்கரைக் கையோடு கொண்டுபோகிறேன்.