பொருள்: ஒரே ஆளுக்குள் இருக்கும் இன்னொருவன் – 'அகப்பிறன்' என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. ஒரே ஆளின் மறு உருவைக் குறிக்கும் டாப்பல்கேங்கர் என்ற ஜெர்மன் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று முதலில் கேட்டவனே நான்தான், அதனால் இனியும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. இரட்டை வேடம், பிளவாளுமை, இருவினையன், நிழலுரு, மறுபாதி, மனச்சாட்சி என்று நீங்கள் முன்வைத்த சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ஸ்டீவன்சனின் ஜெக்கில்–ஹைட் கதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன்; ஜெக்கில் என்ற மதிப்பான மருத்துவர் தானே செய்த மருந்தைக் குடித்து ஹைட் என்ற தீயவனாக மாறும் கதை அது. அதன் முன்னுரையில், கோதிக் எனப்படும் திகில் புனைவில் ஒரே மனிதனின் நல்லதும் கெட்டதும் இரண்டு ஆளாக நடமாடும் வழக்கத்தைப் பற்றி நாலு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. அந்த நாலு பக்கத்தில் இந்தச் சொல் இருபது தடவையாவது வரும். இருபது தடவையும் டாப்பல்கேங்கர் என்று எழுதினால் படிப்பவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

> 'இரட்டை வேடம்' எல்லாருக்கும் தெரிந்த சொல், புதிதாக எதற்கு?

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். இரட்டை வேடம் என்றதும் ஒன்று, சினிமாவில் மீசை வைத்த அண்ணனும் மீசை இல்லாத தம்பியும் நினைவுக்கு வருவார்கள். அல்லது 'அந்த ஆள் இரட்டை வேடம் போடுகிறார்' என்று நாம் திட்டும் பாசாங்குக்காரர். பாசாங்குக்காரருக்கு நல்ல உதாரணம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் வாழ்ந்த வில்லியம் பிரோடி. பகலில் மரியாதைக்குரிய தச்சர், தொழில் சங்கத் தலைவர், நகர மன்ற உறுப்பினர். இரவில், வேலை பார்த்த வீடுகளின் சாவியைப் படியெடுத்து வைத்துக்கொண்டு திருடுபவர். 1788-இல் தூக்கிலிட்டார்கள். அவர் செய்த அலமாரி ஒன்று ஸ்டீவன்சனின் சின்ன வயது அறையில் இருந்தது, பிற்பாடு அவரைப் பற்றி ஒரு நாடகமும் நண்பரோடு சேர்ந்து எழுதினார். ஆக, இரட்டை வேடம் என்றால் என்ன என்று ஸ்டீவன்சனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் 1886-இல் வந்த கதையில் ஜெக்கில் தன் வாக்குமூலத்தில் என்ன சொல்கிறார்? நான் பாசாங்குக்காரன் அல்ல, என் இரண்டு பக்கமுமே உண்மைதான் என்கிறார். வேடமே இல்லை என்று கதைக்காரனே சொல்லும்போது நாம் வேடம் என்று பெயர் வைக்கக் கூடாது.

'பிளவாளுமை'யை முன்வைத்த மருத்துவ நண்பருக்கு: உங்கள் துறையில் அது சரியாக இருக்கலாம், இங்கே பொருந்தவில்லை. ஹைட் செய்ததெல்லாம் ஜெக்கிலுக்கு நினைவிருக்கிறது. நினைவு மட்டும் இருவருக்கும் பொது என்று அவரே எழுதுகிறார். பிளவு எங்கே விழவேண்டுமோ அங்கே விழவில்லை. அதோடு, ஒரு கதாபாத்திரத்துக்கு நோயின் பெயரைக் கொடுத்துவிட்டால் வாசகர் அவனைத் தீர்ப்பிடுவதை நிறுத்திவிட்டு மருந்து எழுத ஆரம்பித்துவிடுவார்.

'இருவினையன்' கேட்க அழகாக இருக்கிறது, குறளும் உடனே நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் மரபில் நல்வினை தீவினை இரண்டுமே செயல், இரண்டும் உயிரைப் பிணிக்கும், இரண்டிலிருந்தும் விடுபட வேண்டும். ஜெக்கில் விடுபட ஆசைப்பட்டது ஒன்றிலிருந்து மட்டும். நிழலுருவை உளவியல்காரர்கள் ஏற்கெனவே வேறு பொருளில் எடுத்துக்கொண்டார்கள், விட்டுவிடுவோம்.

இப்போது 'மறுபாதி'. இதற்குத்தான் ஆதரவு அதிகம், எனக்கு எதிர்ப்பு அதிகம். பாதி என்றால் இந்தப் பக்கம் ஒரு பாதி நல்லது, அந்தப் பக்கம் ஒரு பாதி கெட்டது என்று ஆகிவிடும். ஜெக்கில் நல்லவர், ஹைட் கெட்டவன் என்று கதையைப் படிக்காதவர்கள்கூடச் சொல்வது இதனால்தான். கதை அப்படிச் சொல்லவே இல்லை. மருந்து குடித்தபின் கிடைத்த இருவரில் ஒருவன் முழுக்கத் தீயவன், மற்றவர் அதே பழைய ஜெக்கில், எல்லாம் கலந்த பழைய கலவை. நல்லதை மட்டும் வடித்தெடுத்த ஆள் கதையில் எங்கேயும் கிடையாது. ஹைட் உருவத்தில் சின்னவன், ஜெக்கிலின் உடுப்பு அவனுக்குத் தொளதொள என்று இருக்கும். கெட்ட பக்கம் அதுவரை அதிகம் புழங்காததால் வளரவில்லை என்று ஜெக்கில் ஊகிக்கிறார். அப்புறம் மெல்ல மெல்ல அவன் வளர்கிறான். ஒரு காலையில் ஜெக்கில் கண்விழித்துப் பார்த்தால் போர்வை மேல் கிடப்பது தன்னுடைய பெரிய வெள்ளைக் கை இல்லை, நரம்பு புடைத்து ரோமம் அடர்ந்த கை. இதில் பாதிக் கணக்கு எங்கே வருகிறது?

சரி, ஸ்டீவன்சனை விட்டு மற்றவர்களைப் பார்த்தாலும் இதே கதிதான். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1839-இல் எழுதிய வில்லியம் வில்சன் கதையில் கணக்கு தலைகீழ். கதை சொல்பவன்தான் அயோக்கியன், சீட்டாட்டத்தில் ஏமாற்றுபவன். அதே பெயரில், அதே முகத்தோடு, கிசுகிசுப்பதற்கு மேல் குரல் எழும்பாமல் வந்து அவனைக் காட்டிக்கொடுக்கும் மற்றவன்தான் நல்லவன். கடைசியில் ரோமாபுரித் திருவிழாவில் அவனைக் குத்திக் கொன்றுவிட்டுப் பார்த்தால், கொன்றது தன்னையே. இதை மனச்சாட்சி என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள், இந்த ஒரு கதைக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும், ஹைட்டை மனச்சாட்சி என்று சொல்ல முடியுமா? ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஹாக் 1824-இல் எழுதிய நாவலில் இன்னும் மோசம். கடவுள் என்னை முன்பே தேர்ந்தெடுத்துவிட்டார், இனி என்ன பாவம் செய்தாலும் நரகம் இல்லை என்று நம்பும் ஓர் இளைஞனிடம், அவனைப் போலவே இருக்கும் ஒருவன் வந்து ஒட்டிக்கொண்டு கொலை வரை கொண்டுபோகிறான். வந்தவன் சாத்தானா, இவன் மனம் படைத்தவனா என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை.

ஆக, நமக்கு வேண்டிய சொல் யார் நல்லவன் என்று முந்திக்கொண்டு சொல்லக் கூடாது, சரிபாதி என்று அளக்கவும் கூடாது. 'உள்ளே இருக்கிறான், ஆனாலும் வேற்றாள்' என்பது மட்டும் தெரிந்தால் போதும். டாப்பல்கேங்கர் என்ற மூலச் சொல்லே இவ்வளவு அடக்கமானதுதான். 1796-இல் அதைத் தன் நாவலில் புழங்கவிட்ட ஜெர்மன் எழுத்தாளர் ழான் பவுல், தம்மையே காண்பவர்களை இப்படி அழைப்பார்கள் என்று ஒரு வரி அடிக்குறிப்பு போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அதில் நன்மை தீமைப் பேச்சே இல்லை.

முதலில் 'உடனுறைவோன்' என்று வைத்திருந்தேன். உட்பகை அதிகாரத்தின் கடைசிக் குறளில், உடம்பாடு இல்லாதவரோடு வாழ்வதைக் 'குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று' என்கிறாரே, அந்தக் குடிசைப் பாம்பு எனக்கு அப்படியே ஹைட். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "அம்பாள் உடனுறை ஈசுவரர் கோவில் கும்பாபிஷேகப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எனக்கும் அப்படியே கேட்கிறது. போயிற்று.

இப்போது 'அகப்பிறன்' என்கிறேன். அகம் என்றால் உள், மனம், வீடு மூன்றும்தான், மூன்றும் இங்கே வேலை செய்கின்றன. ஜெக்கிலின் வீட்டை நினைத்துப் பாருங்கள்: முன்வாசல் கௌரவமான சதுக்கத்தைப் பார்த்து, பின்னால் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் கதவோ வேறு தெருவில், அழைப்பு மணியும் இல்லாமல் வண்ணம் உரிந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே வீடு என்று தெருவில் போகிறவருக்குத் தெரியாது. பிறன் என்பது வள்ளுவர் அதிகாரத் தலைப்பிலேயே வைத்த சொல், அந்நியன் என்பதைவிட உறுத்தல் குறைவு. புணர்ச்சியில் 'அகம்பிறன்' என்று வைக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். வேண்டாம், வாய்க்கு வரவில்லை.

இந்தச் சொல் இல்லாமல் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வாக்குமூலத்தின் முடிவை நெருங்கும் இடத்தில் ஜெக்கில், அவன் என்றுதான் சொல்ல வேண்டும், நான் என்று சொல்ல முடியவில்லை என்று திணறுகிறார். ஆங்கிலத்தில் 'நான்', 'அவன்' என்ற சொல்லை மாற்றினால் போதும். தமிழில் வினைமுற்றும் கூடவே மாற வேண்டும். தெருவில் தீப்பெட்டி நீட்டிய பெண்ணை முகத்தில் அடித்தேனா, அடித்தானா? மூலத்தில் அடித்தான்தான், ஆனால் இரண்டு பக்கம் முன்னால் 'நான்' என்று ஓடிக்கொண்டிருந்த வாக்கியம் இங்கே ஒரே எழுத்தில் ஆளைக் கைகழுவுகிறது. இது தமிழுக்குக் கிடைத்த வாய்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால் அங்கே எழுவாயே போடாமல் விகுதியை மட்டும் விட்டிருக்கிறேன். முன்னுரையில் அதை இப்படி எழுதியிருக்கிறேன்: 'தன் அகப்பிறனைப் படர்க்கைக்குத் தள்ளுகிற ஜெக்கில், தன்மையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார்.' மறுபாதி என்று போட்டுப் பாருங்கள், வாக்கியம் நிற்காது.

ஒரே குறை, பெண்பால். பிறள் என்று இலக்கணம் தருகிறது, ஆனால் 'அகப்பிறள்' யார் காதுக்கும் ஒட்டாது என்று நினைக்கிறேன். இருபாலுக்கும் பொதுவாக 'அகப்பிறர்' என்று வைத்தால் ஹைட்டுக்கு மரியாதை கூடிவிடுகிறது. இதற்கு யாராவது வழி சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை முன்னுரையை அனுப்ப வேண்டும்.